வெறுங்கயிறு

– இந்தக் காலத்துல எவன் யாரைக் கேட்டு எதைச் செய்யறான்? சாவு வீட்டுக்கு வர்றவன்கூட முதல்ல போனைத் தூக்கிப் பிடிக்கறான், அப்புறந்தான் அழறான். நீ என்னடான்னா முன்னப்பின்ன தெரியாதவன் மூஞ்சிக்கு நேரா மிஷினை நீட்டிட்டு, ‘அப்படியே நில்லுங்க ஐயா’ங்கற. நான் எதுக்கு நிக்கணும்? நான் என்ன விலைக்கு வந்த மாடா?

– தப்புதான் ஐயா. கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கணும். உங்க படத்தை இப்பவே அழிச்சுடறேன். கேமரா பட்டையை மட்டும் விடுங்க, அறுந்துடும்.

– அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும். விட்டா ஓடிடுவ.

– எங்க ஓடறது? பின்னாடி எருமை, முன்னாடி நீங்க.

– வாய் இருக்கு உனக்கு. இரு, இரு. நீ இந்தச் சந்தைக்குப் புதுசு இல்லல்ல? டீக்கடைக்காரன் சொன்னான். தொப்பி போட்ட பொம்பளை ஒருத்தி, கொஞ்ச நாளா வாராவாரம் வர்றா, மாட்டு வரிசையிலயே சுத்தறா, ஒரு கன்னுக்குட்டிகூட வாங்கலன்னு.

– வந்துட்டுத்தான் இருக்கேன். அதுல என்ன ஒளிவு மறைவு?

– ஒத்துக்கற. நல்லது. எப்பலேருந்து வர்ற?

– தண்ணித் தொட்டி கட்டிட்டு இருந்தாங்களே, அப்பலேருந்து.

– அப்படிச் சொல்லு. அந்தத் தொட்டி கட்டறப்ப நான் கட்டில்ல கிடந்தேன். நீ இங்க சுத்த ஆரம்பிச்ச, அங்க என் கொட்டாயில மாடு காணாமப் போச்சு. ரெண்டும் ஒரே சமயம். எனக்குப் படிப்பு கிடையாது பொண்ணே, ஆனா ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியும்.

– ஐயோ, என்னையா சொல்றீங்க? நான் மாட்டைத் திருடினேன்னா?

– நீ எதுக்குத் திருடற? உன் கையைப் பாத்தாலே தெரியுது, கயிறு பிடிச்ச கை இல்ல. நீ படம் எடுத்துக் குடுப்ப. இன்ன மாடு, இன்ன கொம்பு, இன்ன ஆளுது, ஆளு கிழவன், காவல் இல்லன்னு. ராத்திரி வேற ஒருத்தன் வருவான்.

– நான் மாட்டையே எடுக்கறது இல்ல ஐயா. மனுசங்களைத்தான் எடுக்கறேன்.

– மாட்டுச் சந்தைக்கு வந்து மாட்டை விட்டுட்டு மனுசனை எடுக்கற. இதை நான் நம்பணும்.

– ஒரு புத்தகத்துக்காக எடுக்கறேன். மாட்டை வித்தவங்களோட முகம். வாங்கினவர் தன்னோட கயித்தைக் கட்டி ஓட்டிட்டுப் போயிடறாரு. வித்தவரு தன் கயித்தை அவுத்துக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு. கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாத மாதிரி. அந்த நேரத்துலதான் எடுப்பேன்.

– இதுல என்ன அதிசயம்? வித்த மாட்டோட கயித்தைக் குடுக்கறது இல்ல. கயிறு போனா கொட்டாயில இருக்கற மிச்சமும் போயிடும். அதனால கயித்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில மாட்டிடுவோம். வெறுங்கயித்தோட நிக்கறவனைப் பாக்க ஒரு புத்தகமா? எவன் வாங்குவான்?

– எனக்கும் தெரியாது ஐயா.

– இப்பத்தான் ஒரு உண்மை பேசியிருக்க. காட்டு பாப்போம்.

– என்னத்தை?

– எடுத்ததை. மனுசங்களைத்தானே எடுத்த? ஒரு மாடு இருந்தாலும் இந்த இடத்துலயே ‘திருடி’ன்னு கத்துவேன். சுத்தி நிக்கறவன் கையில எல்லாம் சாட்டை இருக்கு, பாத்துக்க.

– கத்தவேணாம். பட்டையை விடுங்க, காட்டறேன். வெயில்ல தெரியாது, கையை இப்படிக் குடை மாதிரி வெச்சுக்கங்க.

– ம். இவன் ஆட்டுக்காரன். கண்ணு கலங்கி நிக்கற மாதிரி இருக்குல்ல? அத்தனையும் நடிப்பு. அவன் வித்தது நொண்டி ஆடு, வாங்கினவன் எங்க திரும்பி வந்துடுவானோன்னு பாத்துட்டு நிக்கறான்.

– அப்படியா? நான் அவர் ரொம்பப் பாசமானவர்னு நினைச்சேன்.

– பாசம். தள்ளு அடுத்ததை. இவன் யாரு, சிரிச்சுட்டு நிக்கறான்? வித்துட்டு எவனாவது சிரிப்பானா? சந்தேகமா இருக்கு. தள்ளு. இவ கண்ணைத் துடைக்கறா. தூசியா இருக்கும். தள்ளு.

– உங்க மாடு எப்படிப் போச்சு ஐயா? கேக்கலாமா?

– செவலை. ஈத்துக்கு நிறைய கறக்கும். உடம்பு முழுக்கச் செம்மண் நிறம், வால் குஞ்சம் மட்டும் வெள்ளை. குணம் கொஞ்சம் முன்கோபம். மடி கனத்தா காலை வீசும். அப்படி வீசினது என் நெஞ்சுல பட்டு, விலா ஒடிஞ்சு படுத்துட்டேன். எழுந்து சுவத்தைப் பிடிச்சுட்டுக் கொட்டாயிக்குப் போறேன், மாடு இல்ல. ‘எங்கடி செவலை’ன்னு கூப்பாடு போட்டேன். சாணி தட்டிட்டு இருந்த என் பொண்டாட்டி எழுந்து உள்ள போயிட்டா. பயந்துட்டா பாவம்.

– கயித்தை அறுத்துட்டாங்களா?

– அதான் வேடிக்கை. அறுக்கல. கயித்தை அவுத்து, ஆணியில அழகா மாட்டிட்டு, மாட்டை மட்டும் ஓட்டிட்டுப் போயிருக்கான்.

– திருடன் கயித்தை ஆணியில மாட்டிட்டா போவான்?

– விவரமான திருடன். நீல நூல் கலந்து நானே திரிச்ச கயிறு அது. அதோட போனா வழியில எவனாவது ‘இது இன்னார் கயிறாச்சே’ன்னு கேட்டுடுவான்ல?

– நீல நூலா?

– ஆமா, நீலம். ஏன், மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது?

– ஒண்ணும் இல்லை ஐயா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. குடுங்க, கிளம்பறேன்.

– இவ்வளவு நேரம் பஸ் இல்ல, நீலம்னதும் பஸ் வந்துடுச்சா? பட்டையை விட மாட்டேன். தள்ளு அடுத்ததை.

– வேணாம் ஐயா. நான் சொல்றதைக் கேளுங்க…

– என்ன மாமா இது, உங்க சத்தம் எடை மேடை வரைக்கும் கேக்குது! பொம்பளைப் பிள்ளைகிட்ட என்ன இழுபறி?

– வா தரகு, நல்ல நேரத்துல வந்த. என் மாட்டைக் காட்டிக் குடுத்தவ அகப்பட்டுட்டா.

– அட விடுங்க மாமா. இவங்க பாவம், ஏதோ படம் எடுத்துட்டுப் போறாங்க. அம்மா, நீங்க கிளம்புங்க. மாமா, வாங்க ஒரு டீ சாப்பிடலாம். என் கணக்கு.

– உன் கணக்கா? இத்தனை வருஷத்துல நீ எனக்கு வெந்நீர்கூட வாங்கிக் குடுத்தது இல்ல. என்னடா தரகு, உனக்கும் வேர்க்குது?

– வெயில் மாமா.

– நிழல்ல நிக்கற. நீ ரெண்டு அடி தள்ளி நில்லு. பொண்ணே, தள்ளறியா, இல்ல கத்தவா?

– அண்ணா, நான் என்ன செய்யறது? நீங்க சொல்லுங்க.

– அண்ணாவா? உங்களுக்குள்ள இவ்வளவு உறவு இருக்கா? பட்டன் எது, இதானே. நானே அமுக்கிக்கறேன். ம்… இவன் இல்ல. இவனும் இல்ல. இந்தா! இதோ! ஓரத்துல போவுது பாரு, வால்! வெள்ளைக் குஞ்சம்! செவலைடா! மனுசனைத்தான் எடுக்கறேன்னியே, இது என்ன மனுசன் வாலா?

– அது தெரியாம விழுந்திருக்கு ஐயா. நான் எடுத்தது முன்னாடி நிக்கற அம்மாவை.

– எந்த அம்மாவை?

– மாமா, கேளுங்க. வெயில்ல உங்களுக்குத் தலை சுத்தப் போவுது. அப்புறம் பாத்துக்கலாம்.

– நீ வாயை மூடு. இந்தப் படத்துல பச்சைத் துண்டு போட்ட தோள் ஒண்ணு பாதி தெரியுது. இந்தச் சந்தையில பச்சைத் துண்டு உன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு. என் செவலையை நீதான் வித்துக் குடுத்தியா? என் வீட்டுல சாப்பிட்டவன்தானேடா நீ?

– வித்துக் குடுத்தேன் மாமா. திருடல.

– யார் ஓட்டிட்டு வந்தா? மச்சினன்தானே? எனக்கு அப்பவே தெரியும். பொண்டாட்டி தம்பின்னு இடம் குடுத்தது தப்பு. மூஞ்சிக்கு நேரா ‘மாட்டை என்னடா பண்ணின’ன்னு கேட்டேன், தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்.

– அவரைத் திட்டாதீங்க மாமா. அவருக்கு மாடு போனதே தெரியாது. அப்புறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும், பேசினா யாரைச் சொல்லணுமோன்னு வாயை மூடிட்டு உங்க திட்டை வாங்கிட்டு நின்னாரு.

– அப்ப யாரு?

– ஐயா, படத்துல நிக்கறவங்க கையைப் பாருங்க. கயிறு இருக்கு. நீல நூல்.

– இரு, கிட்டக்க வெச்சுப் பாக்கறேன்.

– நான் வேணும்னு மறைக்கல ஐயா. நீங்க நீல நூல்னு சொன்னதும்தான் எனக்கே ஞாபகம் வந்துது.

– அது ஏதோ ஒரு பொம்பளை. முதுகுதான் தெரியுது.

– மாமா, அத்தையோட முதுகு உங்களுக்குத் தெரியாதா?

– எப்படிடா தெரியும்? எங்க போனாலும் நான் முன்னாடி நடப்பேன், அவ பின்னாடி வருவா. அவ முதுகை நான் எப்பப் பாத்தேன்?

– அத்தைதான் மாமா. விடியக்காலையில ஒத்தை ஆளா ஓட்டிட்டு வந்தாங்க. வழி தெரியாம முதல்ல மில்லு பக்கம் போயிட்டு, அங்கேருந்து திரும்பி வந்தாங்க. முதல் உதையில உங்களுக்குப் பல்லு போச்சு, ரெண்டாவது உதையில விலா போச்சு. ‘எழுந்து நடக்க ஆரம்பிச்சா முதல் வேலையா அதோட மடிகிட்டத்தான் போய் உக்காருவாரு, மூணாவது உதைக்கு அந்த மனுசன்கிட்ட என்ன இருக்கு? எனக்கு மாடு வேணாம் தம்பி, ஆளு வேணும்’னாங்க. நான் வேற என்ன பண்ணட்டும்?

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– சொன்னா விடுவீங்களா?

– விட மாட்டேன். அது மாட்டுக் குணம், குத்தம் இல்ல. கையில எண்ணெய் தடவிட்டுக் கறந்தா நிக்கும்.

– பாத்தீங்களா?

– என்னத்தைப் பாக்கறது? நீ தரகன். உன் பேச்சுல உப்பும் இருக்காது, உண்மையும் இருக்காது.

– மத்த நாள்ல சரி. அன்னைக்கு அத்தை பக்கத்துலயே நின்னாங்க. வாங்க வந்தவர்கிட்ட ‘சாதுவான மாடுங்க’ன்னு ஆரம்பிச்சேன். அத்தை குறுக்க விழுந்து, ‘இல்லைங்க, உதைக்கும், என் வீட்டுக்காரரையே உதைச்சுது, பாத்துக் கறங்க’ன்னுட்டாங்க. என் தொழில்ல முதல் தடவையா உண்மையைச் சொல்லி வித்த மாடு அது. மானமே போச்சு.

– ஐயா, அவங்க ரொம்ப நேரம் அங்கேயே நின்னாங்க. மாடு திரும்பிப் பாக்கும்னு நின்னாங்களோ என்னமோ. அது பாக்கல. அப்புறம் கயித்தைச் சுத்திச் சுத்தி, முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அதை ஏன் தூக்கிப் போடாம கொண்டுபோறாங்கன்னு அன்னைக்கு எனக்குப் புரியல.

– திருட்டுக் கதைன்னா இதுதான். ரெண்டு பேரும் கூட்டு. நீ படம் எடுக்கறது, இவன் கதை கட்டறது. நீலக் கயிறு எங்க வேணா கிடைக்கும். வெள்ளை வால் எத்தனை மாட்டுக்கு இருக்கு. பொம்பளைங்களுக்கு முதுகெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். என் பொண்டாட்டிக்கு இந்தச் சந்தைக்கு வழியே தெரியாது.

– அதான் மில்லு பக்கம் போயிட்டு வந்தாங்கன்னேனே.

– பேசாத.

– ஐயா, இதுக்கு அடுத்த படத்துல அவங்க திரும்பி நிக்கறாங்க. முகம் நல்லாத் தெரியும். ஒரு தடவை அமுக்கினா போதும். பாக்கறீங்களா?

– வேணாம். எடு கையை. இந்தா உன் பட்டை.

– பாத்துட்டா சந்தேகம் தீந்துடும்ல மாமா?

– எனக்கு மிஷினு மேல நம்பிக்கை இல்ல. இருக்கறதை இல்லாத மாதிரி காட்டும், இல்லாததை இருக்கற மாதிரி காட்டும். என் மூஞ்சி இருக்கற படத்தை மட்டும் அழிச்சுடு பொண்ணே.

– அழிச்சுட்டேன் ஐயா. அந்த அம்மா படத்தையும் அழிச்சுடவா?

– அது யாரோ என்னவோ. அதை எதுக்கு என்கிட்ட கேக்கற? அவங்களைக் கேட்டுட்டு அழி.

– எங்க மாமா கிளம்பிட்டீங்க? வீட்டுக்கு இந்தப் பக்கம்.

– எருமைத் தொட்டிக்கு அந்தாண்ட ஒரு வரிசை மாடு நிக்குது. இன்னும் பாக்கல.

– உங்க மாடு அங்க இல்ல மாமா. நான் இவ்வளவு சொல்லியும் நம்பலைன்னா நேரா வீட்டுக்குப் போய் அத்தையையே கேளுங்க. ஒரே வார்த்தை.

– கேட்டா சொல்லிடுவாடா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதுக்குப் பயந்துதானே, அவளை ஒரு வார்த்தை கேக்காம இப்படிச் சந்தை சந்தையா அலையறேன்.