பிலோமினாவின் நேர்ச்சை

சாந்தன்பாறையிலிருந்து பூண்டி வழியாக வேளாங்கண்ணிக்குப் போன திருயாத்திரை பஸ்ஸில், எங்களை அழைத்துச் சென்ற உபதேசியார் இருந்தார், ஏலத்தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். பிலோமினா மட்டும் வரவில்லை; கால் முறிந்து படுத்திருந்தாள். அவள் இடத்தில் தோழி முத்துலட்சுமி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“பேரன் பொழச்சா முழங்கால்ல வாரேன்னு நேந்தவ அவ. நீ போனா எப்பிடிம்மா சேரும்?” என்று கேட்டார் உபதேசியார்.

“அவ காய்ச்சல்ல கெடந்தப்ப நான் எடுத்த காய அவ பேர்லதான எடை போட்டாக? கங்காணி ஏத்துக்கிட்டாரு. மாதா மாட்டாகளா?”

“மாரியாத்தா கோவிச்சுக்குவாடி!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

“அவகிட்ட சொல்லிட்டுத்தான் வாரேன்.”

மறுநாள் திரும்பும் வழியில் உபதேசியார் ஒரு மருந்துக்கடையில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். முத்துலட்சுமியின் இரண்டு முழங்காலுக்கும் பஞ்சும் களிம்பும் அவரே வாங்கிவந்தார். எண்பத்தைந்து ரூபாய் ஆயிற்று.