இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் ஒயின்

— இடது பக்கம் தண்ணி, வலது பக்கம் ஒயின். எத்தனை தடவை சொல்லுச்சு படம் சொல்லிக் குடுக்கிற பொண்ணு!

— மாதாவே! பிரஷ்ஷை ஒயின்லயா முக்கிட்டேன்?

— நீலக் கலரோட. பாரு, மை மாதிரி ஆயிடுச்சு.

— பேச்சு சுவாரசியத்துல கை தப்பிடுச்சு மிலாத்.

— யாரு பேசினா? வந்ததுலேருந்து நீ வாயே தொறக்கல. பிரஷ்ஷை விளக்குமாறு மாதிரி பிடிச்சிருக்கே.

— இருபத்தேழு வருஷமா விளக்குமாறுதானே பிடிச்சேன்.

— மெதுவா பேசு. பக்கத்துல பெய்ரூத்துக்காரங்க திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். ஸஹ்லேக்காரிக்குப் படம் வரைய வராதுன்னு தெரிஞ்சுக்கட்டும்.

— படம் வராதது மானக்கேடு இல்ல. ஸஹ்லேல பொறந்தவளுக்கு ஒயின் கிளாஸ் எதுன்னு தெரியலையே, அதுதான் மானக்கேடு. ஊரே திராட்சைத் தோட்டம்!

— மதாம் நுஹாத், என்ன ஆச்சு? ஓ, முக்கிட்டீங்களா! கவலையே படாதீங்க. தினம் யாராவது ஒருத்தர் முக்குவாங்க. இன்னிக்கு உங்க முறை.

— மன்னிச்சுக்கோ ரோலா.

— எதுக்கு மன்னிப்பு? புதுசு ஊத்துறேன். படம் கோணலா வந்தா ஒரு வாய் குடிங்க, நேரா தெரியும். இந்த வகுப்புல நான் சொல்லிக் குடுக்கிற வித்தையே அதுதான்.

— கொஞ்சமா ஊத்து கண்ணு.

— எங்க பத்ரூன் ஊர்ல கொஞ்சம்னு ஒரு அளவே கிடையாது மதாம். இந்தாங்க. முஸ்யோ மிலாத், நீங்க ஏன் கீழ கடலைப் பாத்து வரையறீங்க? என் படத்தைப் பாருங்க.

— படத்துல இருக்கிற பழங்காலக் கடல் சுவர் நிஜமாவே அங்க இருக்கே. அலை அடிக்குது, எல்லாம் தெரியுது.

— நிஜச் சுவரைப் பாத்தா யாராலும் வரைய முடியாது. என் படத்துல நான் அதைச் சுலபமாக்கி வச்சிருக்கேன். முதல்ல வானம். அது காயறதுக்குள்ள ஆரஞ்சு. சுவர் கடைசியில. சரியா? நான் அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரேன்.

— நல்ல பொண்ணு.

— வாயாடி. நுஹாத், உன் வானம் ஏன் சாயுது?

— என் வானம் எப்படி வேணா சாயும். இதை நம்ம பொண்ணு ரீத்தா வீட்டுல மாட்டப் போறேன். தொட்டிலுக்கு மேல.

— பிள்ளை பயந்துக்கும்.

— பயந்தா நான் தூக்கிக்கறேன். அடுத்த மாசம் பேறுகாலம் ஆனதும் பெய்ரூத் போய் அவகூடவே தங்கிடறேன். அவ வேலைக்குத் திரும்பணும். பிள்ளையை வேற யாரு பாத்துப்பா?

— பாக்கலாம்.

— என்ன பாக்கலாம்?

— பாக்கலாம்னா பாக்கலாம். முதல்ல பிள்ளை பொறக்கட்டும்.

— நீங்க செப்டம்பர்ல சவூதிக்கு, தம்மாமுக்குப் போயிடுவீங்க. மறுபடி கிறிஸ்மஸுக்குத்தான் வருவீங்க. நான் ஸஹ்லேல தனியா உக்காந்து என்ன பண்ணப் போறேன்?

— தனியாவா? மாடியில லமியா இருக்காளே.

— இருக்கா. உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். என் புருஷன் என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறார், மூணு நாள், ஓட்டல்லன்னு. மாடிப்படியிலேயே நின்னுட்டா.

— என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல. அதான் அதிசயம்.

— சரி, குடி. அப்படியே வச்சிருக்கே.

— குடிக்கிறேன். இந்த ஆரஞ்சு காயறதுக்குள்ள பூசிடறேன்.

— ஒரு வாய் குடிச்சுட்டுப் பூசேன். தம்மாம்ல வருஷம் பூரா ஒரு சொட்டு கிடையாது எனக்கு. லீவுல வந்து தனியாக் குடிக்கணுமா?

— நீங்க என் படத்தைப் பாக்குறீங்களா, கிளாஸைப் பாக்குறீங்களா?

— படத்தைத்தான்... ஏய்! நுஹாத்!

— ஐயோ.

— மறுபடியுமா? கையில என்ன வந்துது உனக்கு? அந்தம்மா சிரிக்கிறா பாரு. நாலு பேர் முன்னாடி இப்படி...

— கண்ணாடி எடுத்துட்டு வரல.

— கண்ணாடி உன் மூக்கு மேல இருக்கு.

— என்ன இங்க சத்தம்? மதாம்! இதுவும் போச்சா?

— மன்னிச்சுக்கோம்மா ரோலா. இவளுக்கு இன்னிக்குத் தூக்கம் சரியில்ல. நேத்து ராத்திரி அலைச் சத்தம்.

— பரவால்ல முஸ்யோ. ஆனா ஒரு அதிசயம். மத்தவங்க எல்லாம் ரெண்டு கிளாஸ் குடிச்சதுக்கு அப்புறம்தான் முக்குவாங்க. குடிக்கிறதுக்கு முன்னாடியே முக்குறவங்களை நான் பாத்ததே இல்ல. இந்தாங்க, இன்னொண்ணு. இந்தத் தடவை கிளாஸை இந்த ஓரத்துல வைக்கிறேன், எட்டத்துல.

— நன்றி கண்ணு.

— ...நுஹாத்.

— ம்.

— அவ சொல்றது நிஜமா? நீ ஒரு வாய்கூடக் குடிக்கல.

— இல்ல.

— ஏன்?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க.

— எனக்கு என்ன தெரியும்? நான் சவூதியில ஏசி மாட்டிட்டு இருக்கேன்.

— ரீத்தா நிச்சயதார்த்த விருந்துல தெரிஞ்சுது உங்களுக்கு.

— அன்னிக்கு அரக் சாராயம் வித்தவன் ஏமாத்திட்டான். அவ்வளவுதான்.

— கடைக்காரர் அபூ ஸிமான் ஏமாத்தல.

— இப்ப எதுக்கு அது? சுவரை வரை.

— நம்ம சமையலறையில இருந்த கேலன் டப்பாலேருந்து சம்பந்தி கிளாஸ்ல ஊத்தினீங்க. ஊத்தும்போதே பால் மாதிரி விழுந்துது. மேஜை மேல தண்ணி ஜாடியை யாரும் தொடவே இல்ல. தண்ணி படாம அரக் எங்கயாவது வெளுக்குமா? மேஜையில இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க.

— சம்பந்தி குடிச்சார். நல்லா இருக்குன்னார்.

— அவர் நல்லா இருக்குன்னாரே, அதுதான் இன்னும் என் காதுல கேக்குது.

— மறுநாள் கடைக்குப் போய் அபூ ஸிமானைக் கண்டபடி திட்டினேன்.

— தெரியும். அவர் ஒரு வார்த்தை பேசாம உள்ள போய் வேற கேலன் எடுத்துட்டு வந்து குடுத்தாராம். அரக் காய்ச்சுறவருக்குப் புரியாதா, தண்ணி யார் வீட்டுல கலந்ததுன்னு?

— எனக்கும் புரிஞ்சுது.

— பின்ன ஏன் அவரைத் திட்டினீங்க?

— வேற யாரைத் திட்டறது? ஊரே பாத்துடுச்சே.

— என்னைத் திட்டியிருக்கலாம்.

— உன்னைத் திட்டினா அது நிஜமாயிடும்.

— லமியா கீழ வரும்போதெல்லாம் கேலனைத் தூக்கிப் பாப்பா. கனம் குறையக் கூடாதேன்னு, எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வைப்பேன். வெளுக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் ஊத்துவேன். நீங்க அதை விருந்து மேஜைக்குக் கொண்டு வருவீங்கன்னு நெனைக்கல.

— எப்ப ஆரம்பிச்சுது?

— பிள்ளைங்க தூங்கினப்புறம் ஒரு கிளாஸ். அப்புறம் பிள்ளைங்க தூங்கற வரைக்கும் காத்திருக்கல.

— போதும். யாராவது கேக்கப் போறாங்க.

— நீங்கதானே கேட்டீங்க.

— இப்ப எப்படி?

— ஜனவரியில நிறுத்தினேன். ரீத்தா வயித்துல பிள்ளைன்னு சொன்ன அன்னிக்கு. கேலனை அப்படியே கழுவுத் தொட்டியில கவுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு இல்ல.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— நிறுத்தினேன்னு சொல்லணும்னா, குடிச்சேன்னு சொல்லணுமே.

— சரி. இங்க வந்ததும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?

— படம் வரையற வகுப்புன்னுதான் சொன்னீங்க. பாட்டிலை இங்க வந்துதான் பாத்தேன். வேண்டாம்னா ஏன்னு கேப்பீங்க. அந்தப் பொண்ணும் கேப்பா. பிரஷ்ஷை முக்கினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. கலர் கலந்தாச்சுன்னா அப்புறம் நான் நெனச்சாலும் வாய் வைக்க முடியாது.

— நெனச்சியா?

— வாசனை வந்துது. பிரஷ்ஷை இறுக்கிப் பிடிச்சேன். விளக்குமாறுன்னு சிரிச்சீங்க.

— நுஹாத்...

— இந்தக் கிளாஸும் இங்க இருக்க வேண்டாம். பாருங்க. ஆரஞ்சு.

— மதாம்! நான் பாத்துட்டேன்! இந்தத் தடவை வேணும்னே முக்கினீங்க!

— ஆமா கண்ணு. உன் ஒயினை மூணு தடவை பாழாக்கிட்டேன். எனக்கு ஒயின் ஒத்துக்காது. சொல்ல வெக்கப்பட்டேன்.

— அட, இதுக்கா? ஒத்துக்காதவங்களுக்குன்னே காலையில ஒரு வகுப்பு வச்சிருக்கேனே! அதுல எலுமிச்சைச் சாறுதான். முஸ்யோ ஃபோன் பண்ணப்பவே சொன்னேன். இல்லயில்ல, ஒயின் இருக்கிற வகுப்புதான் வேணும்னார். என் வீட்டம்மா கிளாஸ் காலியாக் காலியா ஊத்துவீங்கல்லன்னு வேற கேட்டார். பெரிய ரசிகர் குடும்பம்னு நெனச்சுட்டேன்!... என்ன மதாம்? நான் ஏதாவது...

— ஒண்ணும் இல்ல கண்ணு. நீ போய் அவங்களைப் பாரு.

— சரி மதாம். நான் அங்கதான் இருக்கேன்.

— மிலாத்.

— அவ ஏதோ மாத்திச் சொல்றா.

— படத்தைப் பாக்குறீங்களா, கிளாஸைப் பாக்குறீங்களான்னு அப்பவே கேட்டேன்.

— நுஹாத், கேளு...

— லமியா சொல்லிக் குடுத்தாளா?

— இல்ல. குப்பையில பாட்டில் ஒண்ணும் இல்லன்னு மட்டும்தான் சொன்னா. நல்லதுக்குத்தான் சொன்னா.

— குப்பையைக் கிளறிப் பாத்து நல்லது சொன்னா. பின்ன யாரு?

— விடேன். சுவர் ஒண்ணுதான் பாக்கி, முடிச்சுட்டு மீன் சாப்பிடப் போலாம்.

— யாரு மிலாத்?

— ரீத்தா.

— ரீத்தாவா?

— அவ தப்பா ஒண்ணும் கேக்கல. பிள்ளையை அம்மாகிட்ட நம்பி விடலாமா பப்பான்னு கேட்டா. எனக்குத் தெரியலம்மான்னேன். கூட இருந்து பாத்துச் சொல்லுங்கன்னா. அவ்வளவுதான். ஒயின் என் யோசனை. அவளுக்கு இது தெரியாது.

— பள்ளிக்கூட வாசல் கதையைச் சொன்னாளா?

— சொன்னா.

— நேரத்துக்குக் கூப்பிடப் போகல நான், இருட்டற வரைக்கும் வாசல்ல நின்னா. வாட்ச்மேன் தன் சட்டையைக் கழட்டிப் போத்தி விட்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தப்ப, 'அம்மா, எனக்குக் குளிரவே இல்ல'ன்னா. ஏழு வயசு. மறந்திருப்பான்னு நெனச்சேன்.

— மறக்கல.

— புதுச் செருப்பு வாங்கினேன் மிலாத், இந்த மூணு நாளைக்கு. தொப்பி வாங்கினேன். தெருவுல பாத்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்.

— கடல் நிஜம்தான். ஓட்டல் நிஜம்தான். கூட்டிட்டு வரணும்னு ஆசையும் இருந்துது. ரெண்டும் சேர்ந்துதான் இருந்துது.

— என்னைக் கேட்டிருக்கலாம்.

— கேக்க வெக்கமா இருந்துது.

— யாருக்கு?

— எனக்கு. வருஷத்துல ரெண்டு தடவை வர்றவன் என்னன்னு கேப்பான்? இப்ப அதைவிட வெக்கமா இருக்கு. எந்திரி, போலாம். ரீத்தாகிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடறேன்.

— என்னன்னு சொல்வீங்க?

— அம்மா குடிக்கலன்னு.

— எப்படிக் குடிக்கலன்னு கேப்பா. கெட்டிக்காரி. பிரஷ்ஷை முக்கி முக்கித் தப்பிச்சான்னு சொல்வீங்களா? அவ வீட்டுல பிரஷ் இருக்காது மிலாத். அவ புருஷன் ஃப்ரிட்ஜுல பாட்டில்தான் இருக்கும்.

— அதெல்லாம் பாத்துக்கலாம். நாலு பேர் பாக்குறாங்க, எந்திரி.

— பாக்கட்டும். ரோலா! இங்க வா கண்ணு.

— வந்துட்டேன் மதாம்.

— இன்னொரு கிளாஸ் ஊத்து.

— உங்களுக்கு ஒத்துக்காதுன்னு...

— ஊத்து. நிறைய. பத்ரூன் அளவு. என் முன்னாடி வை. பிரஷ்ஷை எடுத்துட்டுப் போயிடு. தண்ணி டம்ளரையும், கலர் தட்டையும்.

— படம் முடியலையே மதாம்? சுவர் பாக்கி இருக்கு.

— சுவர் கிடக்கட்டும். எடு.

— நுஹாத், என்ன பண்றே?

— கிளாஸைத் தொடலையே நான். உக்காருங்க. பாக்கத்தானே வந்தீங்க? இவங்க எல்லாரும் படத்தை முடிச்சு எந்திரிக்கிற வரைக்கும் நான் இதுக்கு முன்னாடி உக்காந்திருப்பேன். ரீத்தாவைக் கூப்பிடுங்க. வீடியோவுல.

— வேண்டாம் நுஹாத். கெஞ்சிக் கேக்கறேன். நான் பாத்துட்டேன், போதும்.

— கேட்டது அவ. கூப்பிடுங்க.

— ...எடுத்துட்டா. ரீத்தா, கண்ணு, ஒண்ணும் இல்லடா, எல்லாரும் நல்லா இருக்கோம். இரு, அம்மா இங்கதான் இருக்கா. அம்மாவைக் காட்டறேன்...

— என் மூஞ்சியக் காட்டாதீங்க மிலாத். கிளாஸைக் காட்டுங்க.