பின்சீட்டுக்கு அடியில் போன குழாய்

மழை நாளில் எந்த வண்டியும் கொஞ்சம் நன்றாகவே இழுக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. காற்று குளிர்ந்திருப்பதுதான் காரணம்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போன பிறகு நாமக்கல்–சேந்தமங்கலம் பஸ்ஸைக் கரியில் ஓட்டினேன். வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பு. அதில் உண்டாகும் வாயு தொட்டியில் ஆறி, குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். முதலில் இருந்தது இரும்புக் குழாய். வண்டிக்கு அடியில் எஞ்சின் புகை வெளியேறும் குழாயை ஒட்டிப் போனதால் சூட்டை வாங்கி வாயுவுக்குக் கொடுத்துவிடும். சூடேறிய வாயுவுக்குச் சத்துக் குறைவு. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அடுத்த கம்பெனி டிரைவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவான்.

நான் ரப்பர் குழாய் மாட்டினேன். ரப்பர் அவ்வளவாகச் சூட்டை வாங்காது. அதை வண்டிக்குள்ளேயே, பின்சீட்டுக்கு அடியில் கொண்டுபோனேன். அதன்பின் எந்த மேட்டிலும் வண்டி நிற்கவில்லை.

ரப்பர் சீக்கிரமே வெடிப்பு விட்டது. எஞ்சின் ஓடும்போது வாயுவை உள்ளே இழுத்துக்கொள்ளும், தோஷமில்லை. நிறுத்தினால் வாயு வெளியே கசியும். அது விஷம் என்று எனக்குத் தெரியும். கோழி விற்கும் பூவாத்தாள் பின்சீட்டடியில் வைத்த கூடையில் ஒருநாள் கோழிகள் செத்துக் கிடந்தன.

"ஏனுங்க டிரைவரே, ஏத்தும்போது நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

"சீக்குக் கோழிங்க, ஆத்தா."

வெடிப்பில் துணி சுற்றினேன். இரும்புக்குத் திரும்ப மனம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, ஓடையில் வெள்ளம். எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தோம். கரியை அணைத்தால் மறுபடி பற்றவைக்க நேரமாகும், அணைக்கவில்லை. சாரல் அடித்தது. படுதாக்களை நானே இறக்கிக் கட்டினேன். பிறகு வெளியே புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றேன். நனைவது எனக்குப் பிடிக்காது.

மற்றவர்கள் வெள்ளம் பார்க்கப் போயிருந்தார்கள். பின்சீட்டில் பூவாத்தாளும், கைக்குழந்தையோடு ராசாத்தி என்ற பெண்ணும் இருந்தார்கள். ராசாத்தி படுதாவை விலக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தலை கிறுகிறுன்னு வருதுங்க. கொளந்தையும் தொவண்டு போச்சுங்க."

"மழைக் காத்துதான். படுதாவை மூடிக்கிட்டுத் தூங்கு சாமி, சரியாப் போயிரும்."

அவள் மூடிக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்தது. திரும்பி வந்து ஏறியவர்கள், பின்சீட்டில் இருந்தவர்கள் தூங்குகிறார்கள் என்று நினைத்தார்கள். எஞ்சின் உடனே பிடித்தது. சேந்தமங்கலத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர்கள் மூவரும் இறங்கவில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். வலி தெரியாமல் தூக்கத்திலேயே போயிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்தத் தூக்கம் கலையக்கூடாதென்று ஓடையிலிருந்து ஊர்வரைக்கும் நான் வண்டியைக் குலுக்காமல்தான் ஓட்டினேன்.