தெற்குப் பக்கத்து டொக்டர்

சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பஸ் நிறுத்தத்தில் அன்று ஒரு தாய், அவருடைய மகள், தூங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், நான் என நாலு பேர்தான் இருந்தோம். பஸ் வராமலே போய்விடுமோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது தாய் சொன்னார்:

“தெற்குப் பக்கம் வேண்டாம் பிள்ளை. அங்கை வீட்டு முற்றத்துக்கே முதலை வருது.”

“அம்மா, அது ரீவி நாடகம். அதுவும் அமெரிக்காவின்ரை தெற்கு. எனக்கு வேலை கிடைச்ச ஊருக்கு சிட்னியிலயிருந்து ரெயின் போகுது.”

“அந்த நாடகத்தில வாறவளும் உன்னை மாதிரிப் பட்டணத்து டொக்டர்தானே? முதல் நாள் ஒரு சனமும் மருந்துக்கு வரேல்லை. மாட்டுக்குத்தான் ஊசி போட்டவள்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பிறகு ஊரே அவளைத் தலையில தூக்கி வைச்சுக் கொண்டாடினது. அதையும் சொல்லுங்கோவன். அம்மா, ஆஸ்பத்திரிக்கு இண்டைக்குப் பதில் சொல்ல வேணும். ஓம் எண்டு சொல்லட்டே? ஒரு வருசம்தானே.”

தாய் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அவளும் ஒரு வருசத்துக்கெண்டுதான் போனவள். நாடகம் ஆறு வருசமா ஓடுது. இன்னும் தாயிட்டை வந்து சேரேல்லை.”