கறுப்புக் கூண்டில் பழுப்புக் குட்டிகள்

எனக்கு எலி என்றாலே கொஞ்சம் அருவருப்பு. ஆசைப்பட்டு எலியைத் தொடுகிற ஆள் நான் இல்லை என்பதை விசாரணைக் குழு முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகத்துக்குத் தலைவன் நான்தான். ஆனால் எலிகளைக் கவனிப்பது, என் கட்டுரைகளை எழுதுவது, மைக்ராஸ்கோப் மக்கர் செய்தால் சரிசெய்வது எல்லாம் என் ஆராய்ச்சி மாணவி. தங்கமான பெண்.

அவள் ஆராய்ச்சி இதுதான். செல்லின் உட்கருவுக்குள் பல சரக்குகள் தாமாக நுழைய முடியாது. சுமந்து கொண்டுபோக போர்ட்டர் போலச் சில புரதங்கள் உண்டு. அதில் ஒரு போர்ட்டர் இல்லாவிட்டால் விந்தணுவே முதிராது என்றாள். அந்தப் புரதம் இல்லாத கறுப்பு எலி ஒன்றை உருவாக்கி, 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து, கறுப்புப் பெண் எலிகளோடு விட்டாள். மாதக்கணக்கில் ஒரு குட்டிகூட இல்லை.

"முடிஞ்சிடுச்சு சார்! இனிமே எழுதிக் குடுத்தா பட்டம். கல்யாணத்துக்குத் தேதி பாக்கச் சொல்லிட்டேன்" என்றாள்.

இவள் போய்விட்டால் என் கட்டுரைகளை யார் எழுதுவது?

அவள் சாப்பிடப் போகும் நேரங்களில் மாப்பிள்ளையை வெளியே எடுத்து, பக்கத்துக் கூண்டுக் கறுப்பு எலி ஒன்றை உள்ளே விட்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான். அவள் வருவதற்குள் பழையபடி மாற்றிவிடுவேன். சில வாரங்களில் குட்டிகள் பிறந்தன.

அழுதுவிட்டாள். "எப்படி சார் இது?"

"வேற எவனாவது போர்ட்டர் இவன் சுமையையும் தூக்கியிருப்பான்மா. அவனைக் கண்டுபிடி" என்றேன்.

இல்லாத அந்த ஆளை அவள் ஒரு வருடத்துக்கு மேல் தேடினாள். குட்டிகளின் மரபணுச் சோதனையை நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். "சார் எவ்ளோ நல்லவர் தெரியுமா" என்று அம்மாவிடம் போனில் சொன்னாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒருவன் போனால் இன்னொருவன் வருவான் என்று அவளுக்குச் சொன்ன எனக்கே, இவள் போனால் இன்னொருத்தி கிடைப்பாள் என்ற நம்பிக்கை வரவில்லை.

கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு அந்தப் பையன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு இங்கே இப்படி உழைக்க முடியுமா, பாவம்.

அவளோ விடாக்கண்டி. அதே புரதம் இல்லாத மாப்பிள்ளையின் தம்பியை வைத்து முதலிலிருந்து தொடங்கினாள். நானும் தொடங்கினேன். எலி அறையில் பழுப்பு எலிகளும் உண்டு, அங்கே சிவப்பு விளக்குதான் எரியும். அந்த வெளிச்சத்தில் பழுப்பும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

குட்டிகளுக்கு முடி முளைத்ததும் கூண்டைத் தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அம்மா கறுப்பு, அப்பா கறுப்பு. இந்தப் பழுப்பு எங்கேருந்து சார் வந்துச்சு? கறுப்புக்கும் கறுப்புக்கும் பழுப்பு பிறக்காதுன்னு முதல் வருஷம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

நான் சொல்லிக் கொடுத்ததில் அவள் மறக்காதது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆம், எலிகளை மாற்றியது நான்தான். எல்லாம் ஆய்வகத்தின் நன்மைக்காக. இந்த வாக்குமூலத்தையும் அவளைத்தான் எழுதித் தரச் சொன்னேன். முதல் முறையாக முடியாது என்றுவிட்டாள். பிழைகள் இருந்தால் குழு அவளைக் கேட்டுக்கொள்ளவும்.