முப்பத்தெட்டு கிராம்

“ஒரு பாட்டு எத்தனை கிராம் இருக்கும், சொல்லு பார்க்கலாம்?”

ஒன்பதாம் வகுப்பில் நான்சி மிஸ் என்னை எழுப்பிக் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்விதான். அவர் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். பதில் அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

அன்று சுற்றுச்சூழல் பாடம். மேசைமேல் ஒரு பழைய கேசட்டையும் தன் போனையும் வைத்திருந்தார். கேசட் பிளாஸ்டிக், மண்ணில் மக்காது. போனில் வருகிற பாட்டு காற்றில் வருகிறது, குப்பையே கிடையாது. அதனால் அதன் எடை பூஜ்யம். இதைச் சொல்ல வைக்கத்தான் என்னை எழுப்பினார். நான் வகுப்பில் வாய் திறக்காதவள். திறந்தால் குரல் நடுங்கும். வெகுநேரம் நின்றுவிட்டு, “சாம்பலயும் சேத்துங்களா, மிஸ்?” என்று கேட்டேன்.

என் அப்பா காளியப்பன் மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலை லாரியில் ஏற்றிச் செங்கல் அறுக்கும் பட்டறைகளுக்குக் கொண்டுபோகிறவர். சாயங்காலம் சட்டையை உதறினால் வாசலில் ஒரு கைப்பிடி விழும். போனில் வரும் பாட்டு எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்து வருகிறது. அது கரண்டில் ஓடுகிறது. கரண்டுக்கு நிலக்கரி எரிகிறது. எரிந்தால் சாம்பல். கேசட்டை ஒருமுறை செய்துவிட்டால் இருபது வருடம் அதையே போட்டுக் கேட்கலாம். டேப்புக்கும் கரண்டு வேண்டும், ஆனால் அது ஒரு வீட்டோடு முடிந்தது. போனில் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வழி நெடுக எங்கெங்கோ எரிகிறது. இதெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

மிஸ் சிரித்தார். “ஏங்கண்ணு, பாட்டு என்ன அடுப்புலயா வேகுது?”

பிள்ளைகளில் முதலில் சிரித்தவன் மூன்றாவது பெஞ்ச் ஜெரின். பிறகு நாற்பத்திரண்டு பேர். அன்றிலிருந்து எனக்குச் ‘சாம்பல்’ என்று பெயர். அரையாண்டுப் பரீட்சைக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

மிஸ்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் அப்படித்தான் நினைப்பார்கள் என்பதால் முதலிலேயே எழுதிவைக்கிறேன். மிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டது ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை, நான்காவது பீரியட். கோபம் இருந்தால் இவ்வளவு நிதானமாக எழுத முடியாது.

இப்போது முருகானந்தம் அண்ணனின் பிளாஸ்டிக் அரவைப் பட்டறையில் ரகம் பிரிக்கிறேன். தரையில் போட்டால் கணீரென்று கேட்டால் ஒரு ரகம், மொத்தென்று விழுந்தால் இன்னொரு ரகம். சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்ப்போம். என்னோடு குஞ்சம்மாள் அக்கா இருக்கிறார். பழைய சாமானில் வந்த ஒரு டேப் ரெக்கார்டரைத் துடைத்து வைத்திருக்கிறார். அரைக்க வரும் கேசட்டில் பாதியைக் கேட்டுவிட்டுத்தான் உடைக்க விடுவார்.

போன செப்டம்பரில் மிஸ் தன் சர்ச்சில், பங்குக் கோவில் என்பார்கள், ஒரு திட்டம் தொடங்கினார். வீட்டில் கிடக்கும் கேசட், சிடி எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள், பாட்டெல்லாம் போனில் இருக்கிறது. ‘பிளாஸ்டிக் இல்லாப் பங்கு’ என்று பத்தடிக்குப் பேனர். பேனரும் பிளாஸ்டிக். ஓரத்தில் மிஸ்ஸின் சிரித்த முகம். மறுவாரம் அதுவும் எங்களிடமே வந்தது. அரவைக்கு ஆகாத ரகம். முகத்தை நான்தான் நாலாக மடித்து மூலையில் போட்டேன்.

அந்தப் பேனருக்கு முன்பே மூட்டைகள் வந்துவிட்டன. ஒன்றில் மிஸ்ஸின் பெயரே எழுதியிருந்தது. அதில் ஒரு மாதா பாட்டுக் கேசட், ரோஸ் நிற லேபிள். தலைப்பக்கத்தில் இரண்டு குழிகளும் காகிதம் வைத்து அடைத்திருந்தன. கடையில் விற்கும் கேசட்டில் அந்தக் குழிகள் திறந்தே இருக்கும். அடைத்திருந்தால், யாரோ அதன்மேல் வேறு எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். குஞ்சம்மாள் அக்கா சாப்பிடப் போனதும் போட்டுப் பார்த்தேன்.

ஓர் ஆள் பேசினார். பின்னால் போர் போடும் ரிக் வண்டி இரைந்துகொண்டிருந்தது.

“நான்சி சாமி, நல்லா இருக்கியா? அப்பன் ரெம்பத் தொலவு வந்துட்டேன். இங்க கல்லு இரும்பாட்ட இருக்குது. முந்நூறு அடி போயும் தண்ணியக் காணோம். அம்மாவப் படுத்தாத, என்ன? கிறிஸ்மஸுக்கு ஊட்டுக்கு வாரேன். இப்ப நம்ம நான்சிக்கு ஒரு பாட்டு.”

பிறகு வாய்க்கு வந்ததைப் பாடினார். ராகம் இல்லை, நடுவில் இருமல். நாலு நிமிஷம்.

கேசட்டை என் சோற்றுப் போசியில் வைத்து மூடினேன்.

மறுநாள் மிஸ் ஸ்கூட்டியில் வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“ஏஞ்சாமி, பங்குக் கோயில் மூட்டைய அரச்சிட்டீங்களா? அதுல ஒரு கேசட்டு தெரியாமப் போயிருச்சு. எங்கப்பா பேசுனது. கஸ்பாருன்னு பேரு, திருச்செங்கோட்டு ரிக்குல மத்தியப் பிரதேசம் போனவரு, திரும்பி வரல. எனக்கு அப்ப ஏழு வயசு. அவரு குரலு வேற எங்கயும் இல்ல சாமி.”

“தேடிப் பாக்கறேனுங்க,” என்றேன்.

மூன்று நாள் தேடினோம். அதாவது, குஞ்சம்மாள் அக்கா தேடினார். “ஏன்டி, அந்தம்மா அழுவுது, நீ என்னமோ பூப்பறிக்கறாப்புல பொறுக்கற,” என்று என்னைத் திட்டிக்கொண்டே நாற்பது மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டினார். போசி ஆணியில் தொங்கியது. இரண்டாம் நாள் மிஸ் பிஸ்கட் வாங்கிவந்து என் கையில் கொடுத்து, “கண்ணு, கொஞ்சம் மனசு வெச்சுத் தேடு,” என்றார். வகுப்பில் ஒருநாளும் கேட்காத குரல். எடை ஏதும் இல்லாத ஒன்றுக்காக ஒரு படித்த மனுஷி குப்பை மூட்டைக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க எனக்கு வருத்தமாக இல்லை. வேடிக்கையாகவும் இல்லை. கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் என்னை உற்றுப் பார்த்தார். “நீ ஒம்போதாவது பி தான? அட, நம்ம சாம்பலு!” என்று சந்தோஷமாகச் சொன்னார். என் பெயர் ஜீவா. அது அவருக்கு நினைவு வரவில்லை.

இதனால்தான் செய்தேன் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கத்தரிக்கோலை நான் அன்று காலையிலேயே கொண்டுவந்திருந்தேன்.

மிஸ் போனபின் டேப் பக்கத்தில் போனை வைத்து எல்லாவற்றையும் பதிந்துகொண்டேன். ஆகவே மிஸ்ஸின் பாடப்படி எதுவும் தொலையவில்லை. கேசட் குப்பை, பாட்டு போனில் இருக்கிறது. நான்சி என்று வரும் இரண்டு இடங்களை மட்டும் வெட்டிவிட்டேன். அது தேவையில்லாத எடை. இப்போது “சாமி, நல்லா இருக்கியா?” என்றுதான் தொடங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாருக்குச் சொன்னது என்று தெரியாது. என் அப்பா வீட்டுக்கு வந்தால் சட்டையை உதறுவார், சாப்பிடுவார். பாடியதில்லை.

பிறகு கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றினேன். நாடா மெஷின் கத்தியில் சுற்றிக்கொள்ளும் என்று நாங்கள் அதை அரவையில் போடுவதில்லை. அன்று போட்டேன். தொண்ணூறு மீட்டர் நாடாவை விரல் நீளத்துக்கு வெட்டினால் எங்கும் சுற்றாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கை வலித்தது. வேலையை அரைகுறையாக விட எனக்குப் பிடிக்காது.

நான்காம் நாள் மிஸ் கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பட்டறைக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

“கெடச்சிருச்சுங்க, மிஸ்.”

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை நான் பேனரில்கூடப் பார்க்கவில்லை. “எங்கப்பன் சாமி…” என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் சின்னத் தராசைப் போட்டு, அதன்மேல் ஒரு கவரை வைத்தேன். கறுப்புத் துகளும் வெட்டிய நாடாவும். நடுவில் ரோஸ் நிற லேபிளில் ஒரு துண்டு. திருகாணிகளையும் கவருக்குள் போட்டிருந்தேன், எடை குறையக் கூடாது என்று.

“முப்பத்தெட்டு கிராமுங்க, மிஸ். சாம்பலச் சேக்காம.”

குஞ்சம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மிஸ் தராசின் எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் போன் கையிலேயே இருந்தது. எதற்கடி இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டிருக்கலாம். அன்றைக்கு நீ சொன்னது சரிதான் என்று சொல்லியிருக்கலாம். என் பெயரைக் கேட்டிருந்தால்கூடப் போதும், போனில் இருந்த பதிவை அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன். நான் கல்நெஞ்சுக்காரி அல்ல.

மிஸ் கவரைத் தராசிலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். கேட்டருகே செருப்பு கிடந்ததையும் பார்க்காமல், வெறுங்காலோடு ரோட்டில் இறங்கிப் போனார்.