வண்டியை நிறுத்திட்டு வரேன்

ரோஸ்: வண்டியை நிறுத்தப் போன மனுஷன் இன்னும் வந்தபாடில்ல! ஹார்லன், எங்கதான் இருக்க?

ஹார்லன்: இடம் தேடிட்டிருக்கேன் கண்ணு. எல்லா பார்க்கிங்கும் நிரம்பி வழியுது.

ரோஸ்: கட்டின பொண்டாட்டியை ரெண்டு பெட்டியோட துறைமுக வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போன ஆளு…

ஹார்லன்: வரிசை நகருதா?

ரோஸ்: நகருது. அதான் பயமே. மூணு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்களாம். நாளைக்குக் கிளம்ப வேண்டிய கப்பலை, புயலுக்குப் பயந்து இன்னைக்கே கிளப்புறாங்க.

ஹார்லன்: நல்லதுதானே.

ரோஸ்: என்ன நல்லது? நாம போக இருந்த கோசுமெல் தீவு கிடையாதாம். தெற்கே எங்கேயோ சுத்துமாம். எங்கேன்னு கேட்டா அந்தப் பொண்ணு சிரிக்குது. அதுக்கே தெரியல.

ஹார்லன்: புயல் இருக்கற பக்கமே போகாது ரோஸ். புயலைவிடக் கப்பல் வேகமா ஓடும். நாளைக்கு நம்ம கால்வெஸ்டன் தீவுல இருக்கறதைவிட அது எவ்வளவோ பத்திரம்.

ரோஸ்: முழங்கால் தண்ணியில நின்னாலே கைகால் உதறுறவ நான். கல்யாண நாளுன்னு சொல்லி ஏமாத்திட்ட. புயல் மாசத்துல யாராவது கப்பலுக்குச் சீட்டு எடுப்பாங்களா?

ஹார்லன்: நம்ம ஊர்ல எல்லாரும் அப்பதான் எடுப்பாங்க. மலிவு.

ரோஸ்: அந்த மலிவுதான் இப்போ மாட்டிவிட்டுடுச்சு. நாமளா வேண்டாம்னு சொன்னா காசு போச்சு, அவங்களே ரத்து பண்ணட்டும்னு உக்காந்திருந்தோம். அவங்க என்னடான்னா… ஏய், என்ன சத்தம் அது?

ஹார்லன்: எது?

ரோஸ்: டொக்கு டொக்குனு. சுத்தியல் மாதிரி.

ஹார்லன்: அது… பார்க்கிங்காரங்க. பேர்ப்பலகை பறந்துடக் கூடாதுன்னு ஆணி அடிக்கிறாங்க.

ரோஸ்: ம்… உன் அண்ணன் கிளம்பிட்டாரான்னு கேட்டியா?

ஹார்லன்: கிளீவுக்கென்ன? மக டீனா வந்து நேத்தே ஹூஸ்டனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா.

ரோஸ்: மூச்சு மெஷினோடயா?

ஹார்லன்: மெஷினோடதான்.

ரோஸ்: அதிசயம்தான். ‘போன புயலுக்கு ஊரைக் காலி பண்றேன்னு போயி, நெடுஞ்சாலையில நாள் பூரா வெயில்ல வெந்தேன். இனிமே செத்தாலும் என் கட்டில்லதான்’னு பைபிள் மேல சத்தியம் பண்ண ஆளாச்சே.

ஹார்லன்: டீனா அழுதா… மனசு மாறிட்டான்.

ரோஸ்: நீ எப்போ வருவ?

ஹார்லன்: இதோ. நீ முதல்ல ஏறு.

ரோஸ்: நீ இல்லாமயா? மாட்டேன்.

ஹார்லன்: அட, சொல்றதைக் கேளு! நீ உள்ள இருந்தாதான் ‘வீட்டுக்காரர் வந்துட்டே இருக்காரு, கதவைச் சாத்தாதீங்க’ன்னு சண்டை போடலாம். சண்டை போடத்தான் உனக்குச் சொல்லித் தரணுமா?

ரோஸ்: வாய் மட்டும் குறையல… ஹார்லன், பயமா இருக்கு.

ஹார்லன்: எனக்கும்தான்.

ரோஸ்: உனக்கா? வண்டி நிறுத்துறதுல என்ன பயம்?

ஹார்லன்: …நீ ஏறிட்டியான்னுதான்.

ரோஸ்: வை. ஒருத்தருக்கு ஃபோன் பண்ணிட்டுக் கூப்பிடுறேன்.

ஹார்லன்: யாருக்கு? ரோஸ்? ரோஸ்!

* * *

ரோஸ்: ஹலோ.

ஹார்லன்: எங்க தொலைஞ்ச? எத்தனை தடவை கூப்பிட்டேன்! மணி நாலாகப் போகுது, உசுரே போயிடுச்சு. ஏறிட்டியா?

ரோஸ்: ஏறிட்டேன்.

ஹார்லன்: கதவு…

ரோஸ்: சாத்திட்டாங்க. நீ வரல.

ஹார்லன்: கொஞ்சம் தாமதமாயிடுச்சு கண்ணு… அங்க என்ன இவ்ளோ காத்து?

ரோஸ்: மேல்தளத்துல நிக்கிறேன்.

ஹார்லன்: ஆள் பேச்சே கேக்கலையே.

ரோஸ்: காத்துக்குப் பயந்து எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க.

ஹார்லன்: நீயும் உள்ள போ! …கப்பல் கிளம்பிடுச்சா?

ரோஸ்: கிளம்பிடுச்சு. இனி எனக்காகத் திரும்பாது. இப்போ உண்மையைச் சொல்லு.

ஹார்லன்: கிளீவ் எங்கயும் போகல. உன்னை இறக்கிவிட்டதும் போய்க் கூட்டிட்டு வந்தேன், நம்ம வீட்டுக் கூடத்துல படுத்திருக்கான். டீனாவும் நானும் எவ்வளவோ கெஞ்சினோம், தீவை விட்டு அசையல. கரண்டு போனா மெஷினுக்கு ஜெனரேட்டர் போட ஒரு ஆள் வேணாமா? அவனைத் தனியா விட்டுட்டு நான் எப்படி ரோஸ்…

ரோஸ்: தெரியும். வரிசையில நின்னே டீனாவுக்கு ஃபோன் போட்டேன். ‘எங்கப்பா உங்க வீட்லதானே இருக்காரு சித்தி?’ன்னு அவ என்னையே கேட்டா.

ஹார்லன்: தெரிஞ்சுமா ஏறின?

ரோஸ்: என்கிட்ட ஏன் மறைச்ச?

ஹார்லன்: சொன்னா ஏறியிருப்பியா? போன தடவை தண்ணி உள்ள வந்தப்போ, மேசை மேல நின்னு நீ அலறினது இன்னும் என் காதுல கேக்குது. இன்னொரு தடவை கேக்க என்னால ஆகாது. நீ அந்தக் கப்பல்ல இருக்கன்னு நினைச்சாதான் என்னால இங்க நிக்க முடியும்.

ரோஸ்: தெருவுல தண்ணி வந்துடுச்சா?

ஹார்லன்: கொஞ்சம். கணுக்கால் நனையும்.

ரோஸ்: பொய். முழங்காலுக்கு இருக்கு.

ஹார்லன்: உனக்கெப்படித் தெரியும்?

ரோஸ்: …உன் ‘கொஞ்சம்’ எனக்குத் தெரியாதா? தீவை விட்டுப் போற பாலம்?

ஹார்லன்: மூடிட்டாங்க. இனி யாரும் வெளிய போக முடியாது.

ரோஸ்: கையில எழுதிட்டியா?

ஹார்லன்: என்னது?

ரோஸ்: நடிக்காத. ஊரை விட்டுப் போகாதவங்க அழியாத மையில பேரையும், தகவல் சொல்ல ஒரு நம்பரையும் கையில எழுதிக்கணும்னு டிவியில சொன்னாங்களே. அப்புறம்… ஆள் யாருன்னு தெரியணுமே. காலையில இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டையோட நின்னியே, நான் குருடியா?

ஹார்லன்: எழுதிட்டேன். கிளீவுக்கும் எழுதிட்டேன். எழுத்து கோணலா இருக்காம், வையறான். மூச்சு வாங்குது, ஆனா வாய் மூடல.

ரோஸ்: உங்க குடும்பமே அப்படித்தான்… உன் கையில யாரு நம்பர்?

ஹார்லன்: உன்னோடதுதான். வேற யாருக்குச் சொல்லணும்?

ரோஸ்: அழிச்சிடு.

ஹார்லன்: கோபமா கண்ணு?

ரோஸ்: டீனா நம்பரை எழுது. என் நம்பர் இனி உதவாது.

ஹார்லன்: ஏன் இப்படிப் பேசற? நீ கப்பல்ல…

ரோஸ்: என் ஃபோனும் உன்னுது கூடத்தான் நனையப் போகுது. நம்ம வீட்டுப் பின்வாசல்ல டொக்கு டொக்குனு நீ அடிச்ச பலகையைக் கழட்டு, ஹார்லன். படி மேலதான் நிக்கிறேன், காலெல்லாம் உதறுது… அந்தப் பேனாவையும் எடுத்துட்டு வா. என் கையில இன்னும் எதுவும் எழுதல.